சேதமும் காப்பும்: நீரிழிவு விழித்திரை நோயில் சிகிச்சை எந்தத் திசையில் செல்ல வேண்டும்?

நீரிழிவால் வரும் விழித்திரை நோயைப் பற்றிய மருத்துவச் சிந்தனை நெடுங்காலமாகச் சேதத்தின் பக்கம் நின்றே பேசிவருகிறது. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரை நுண்நாளங்களைக் கெடுக்கிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத திசு புதிய நாளங்களை வளர்க்கிறது. வலுவற்ற அந்த நாளங்கள் உடைந்து பார்வையைப் பறிக்கின்றன. இந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரே அளவு சர்க்கரையை அரை நூற்றாண்டு சுமந்த இருவரில் ஒருவருக்குப் பார்வை பறிபோக, மற்றவர் விழித்திரை பெரிதும் கெடாமலிருப்பது ஏன் என்பதற்கு இதில் விடை இல்லை. விழித்திரை தன்னைக் காக்கும் பொருள்களைத் தானே சுரக்கிறது, அச்சுரப்பின் ஏற்றத்தாழ்வு இந்த வேறுபாட்டில் ஒரு பங்கையாவது விளக்குகிறது, எனவே நோய் முற்றியபின் தலையிடும் சிகிச்சைகளுக்கு நிகராகக் காப்பை வலுப்படுத்தும் தொடக்கநிலைச் சிகிச்சைகளுக்கும் ஆய்வில் இடம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான முதன்மைச் சான்று பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் நீரிழிவு மையத்திலிருந்து வருகிறது. முதல் வகை நீரிழிவோடு 50 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு அம்மையம் பதக்கம் வழங்குகிறது. அப்படிப் பதக்கம் பெற்றவர்களை ஜார்ஜ் கிங் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 2011இல் வெளியான அறிக்கையில் இடம்பெற்ற 351 பேரில் 42.6 சதவீதத்தினருக்குப் புதுநாளங்கள் முளைக்கும் முற்றிய நிலை வரவேயில்லை. பாதிக்கப்பட்டவர்களையும் தப்பியவர்களையும் பிரித்துக் காட்டும் அளவுகோலாக, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி ரத்தச் சோதனை அமையவில்லை என்பது அதைவிட வியப்பான முடிவு. தொடர் கண்காணிப்பின் முதல் 17 ஆண்டுகளில் நோய் முன்னேறாதவர்களில் 96 சதவீதத்தினருக்கு அதன் பிறகும் அது மோசமாகவில்லை. சேதம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் கணக்கு மட்டும்தான் நோய் என்றால், காலம் நீள நீள இவர்களும் விழுந்திருக்க வேண்டும். ஏதோ ஒன்று தொடர்ந்து தடுத்து நின்றிருக்கிறது.

அந்த ஏதோ ஒன்றில் ஒரு கூறு 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. பதக்கம் பெற்றோர் இறந்தபின் தானமாக அளித்த கண்களின் விழித்திரையையும், அறுவைச் சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட, கண்ணின் உட்பகுதியை நிரப்பும் விட்ரியஸ் திரவத்தையும் புரதப் பகுப்பாய்வு செய்தபோது, நோய் இல்லாத அல்லது லேசாக மட்டும் இருந்த கண்களில் ஆர்.பி.பி.3 என்ற புரதம் கூடுதலாகக் காணப்பட்டது. இதைச் சுரப்பவை ஒளியுணர் செல்கள். பார்வைக்குத் தேவையான வைட்டமின் ஏ சார்ந்த மூலக்கூறுகளைச் சுமந்து செல்லும் வேலைக்காகவே இது நெடுநாள் அறியப்பட்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் இதற்கு வேறு இரு வேலைகள் தெரியவந்தன. செல்லுக்குள் குளுக்கோஸைக் கொண்டு சேர்க்கும் குளுட்1 வாயிலைப் பற்றிக்கொண்டு உள்ளே போகும் சர்க்கரையைக் குறைக்கிறது. நாள வளர்ச்சியைத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப் காரணியின் ஏற்பியில் ஒட்டி அதன் சமிக்ஞையை மட்டுப்படுத்துகிறது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் விழித்திரையில் இப்புரதம் மிகுதியாக்கப்பட்டபோது நாளக் கசிவும் விழித்திரையின் மின்னியக்கக் குறைவும் தடுக்கப்பட்டன. ரத்தத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தும் விழித்திரைச் செல்லுக்குள் அது அவ்வளவாக நுழையாதிருக்க வழியுண்டு என்பதே இதன் உட்பொருள்.

இதற்கு முதல் மறுப்பு எளிதில் எழும். ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்களை மட்டும் பார்ப்பது பிழைத்தவர்களை மட்டும் எண்ணுவதாகாதா? ஒரு பகுதி ஆகும். கட்டுப்பாடு மிக மோசமாக இருந்தவர்களில் பலர் பதக்கம் பெறும் முன்பே இறந்திருப்பர். எஞ்சியவர்களின் சர்க்கரை அளவுகள் ஒரு குறுகிய எல்லைக்குள் நிற்பதால் அதன் விளைவு கணக்கில் தெரியாமல் போகும். ஆகவே சர்க்கரைக் கட்டுப்பாடு முக்கியமில்லை என்று இந்த ஆய்விலிருந்து முடிவுகட்டுவது தவறு. முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரிடம் நடந்து 1993இல் முடிவுகள் வெளியான டி.சி.சி.டி ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் அபாயத்தை 76 சதவீதமும், ஏற்கெனவே இருந்த நோய் முன்னேறும் அபாயத்தை 54 சதவீதமும் குறைத்தது. ஆனால் நம் வாதம் நிற்பது வேறொரு ஒப்பீட்டின் மீது. பார்வை கெட்டவரும் கெடாதவரும் இருவருமே 50 ஆண்டு பிழைத்தவர்கள். பிழைத்தல் என்ற ஒன்றைக் கொண்டே அவர்களுக்கிடையிலான வேறுபாட்டை முழுவதும் விளக்கிவிட முடியாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. நோய் முற்றும்போது ஒளியுணர் செல்கள் நலிவதால் ஆர்.பி.பி.3 குறைகிறது என்றால், குறைவு நோயின் விளைவே தவிரக் காரணமாகாது. போதாததற்கு, ஒளியுணர் செல்கள் படிப்படியாக அழியும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ள நீரிழிவாளர்களுக்குக் கடும் விழித்திரை நோய் அரிதாகவே வருவதாக மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். காப்புப் பொருளைச் சுரக்கும் செல்லே இல்லாதபோது காப்பு கூடுவது எப்படி? ஒளியுணர் செல்லுக்கு இரு முகங்கள் இருப்பதை ஏற்றால் முரண் தளர்கிறது. இருட்டில் அது ஏராளமான ஆக்சிஜனை உறிஞ்சுகிறது. அது அழிந்தால் தேவை குறைந்து, நாளங்களை வரவழைக்கும் தூண்டுதலும் தணிகிறது. விழித்திரையின் ஓரப் பகுதியைச் சுடும் லேசர் சிகிச்சை பயன் தருவதற்கும் இதுவே ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஓரப் பார்வையையும் இரவுப் பார்வையையும் விலையாகக் கொடுத்து நடுப்பார்வையைக் காக்கிறோம். செல்லை உயிரோடு வைத்துக்கொண்டு அதன் சுரப்பை வலுப்படுத்துவது வேறு வழி. காரணமா விளைவா என்ற கேள்விக்கு எலிச் சோதனை தொடக்க விடை தருகிறது; மனிதரில் ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வே முடிவான விடை தரும்.

சிகிச்சை என்று வரும்போது, எப்போது தொடங்குகிறோம் என்பதோடு எந்த வழியில் செலுத்துகிறோம் என்பதும் முக்கியமாகிறது. புரோட்டோகால் டபிள்யூ ஆய்வில், முற்றாத நிலையிலேயே, வி.ஈ.ஜி.எஃப் காரணியைத் தடுக்கும் அஃப்லிபர்செப்ட் ஊசியைக் கண்ணுக்குள் செலுத்தியபோது, நான்காண்டில் நோய் முற்றுதல் அல்லது மையக்குழி வீக்கத்தால் பார்வை குறைதல் 56.9 சதவீதத்திலிருந்து 33.9 ஆகக் குறைந்தது. ஆயினும் பார்வைக் கூர்மையில் வேறுபாடு இல்லை. நன்றாகத் தெரியும் கண்ணில் திரும்பத் திரும்ப ஊசி போடும் சுமைக்கு ஈடான ஆதாயம் அதில் இல்லை. மாத்திரையின் கதை வேறு. கொழுப்பைக் குறைக்க எழுதித்தரப்படும் ஃபெனோஃபைப்ரேட், தொடக்கநிலை நோயுள்ள 1,151 பேரிடம் ஸ்காட்லாந்தில் நடந்து 2024இல் வெளியான லென்ஸ் ஆய்வில், சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய நிலை அல்லது சிகிச்சைத் தேவை என்ற கட்டத்தை எட்டும் அபாயத்தை 27 சதவீதம் குறைத்தது. இதே மருந்தைச் சோதித்து முன்னதாக வந்த ஃபீல்டு ஆய்வில் லேசர் தேவை குறைந்ததை ரத்தக் கொழுப்பின் மாற்றத்தைக் கொண்டு விளக்க முடியவில்லை. அப்படியானால் மருந்து விழித்திரையிலேயே ஏதோ காப்பு வழியைத் தட்டியெழுப்புகிறது என்று கருத இடமுண்டு. சிறுநீரகத்தைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது என்பதையும் மறக்கலாகாது.

ஜாஸ்லின் பதக்கம் பெற்றவர்கள் முதல் வகை நீரிழிவுள்ள அமெரிக்கர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர்க்கு இருப்பது இரண்டாம் வகை. சென்னை நகரில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் நீரிழிவாளர்களில் 18 சதவீதத்தினரிடம் விழித்திரை நோய் தென்பட்டது. எஞ்சியவர்களில் நெடுநாள் நோயைச் சுமந்தும் தப்பியவர்களிடமும் இதே காப்புக் காரணிகள் செயல்படுகின்றனவா என்பது இங்கேயே சோதிக்க வேண்டிய கருதுகோள். அந்தச் சோதனை முடியும்வரை சர்க்கரைக் கட்டுப்பாடும், ரத்த அழுத்தக் கட்டுப்பாடும், ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் அசைக்க முடியாத அடிப்படைகளே. ஆனால் நம் ஆய்வுகள் நோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொண்டு தப்பியவர்களை விட்டுவிடும்வரை, அடுத்த மருந்துக்கான குறியிலக்கு கணக்கெடுப்புக்கு வெளியேதான் இருக்கும்.