எண்ணெய் குடித்த மரமும் பெயிண்ட் போர்த்த மரமும்

தருமபுரியிலிருந்து தொப்பூர்க் கணவாய்க்குச் செல்லும் பெருவழியில், அதியமான்கோட்டையைக் கடந்ததும் வருகிற நல்லம்பள்ளியில், பழைய ஓட்டு வீடுகளின் திண்ணைத் தூண்களைச் சற்று நின்று பார்க்கும் பிரயாணிக்கு ஒரு விசித்திரம் புலப்படும். சாரலும் மேற்கு வெயிலும் அடிக்கிற பக்கத்தில் பெயிண்ட் வெடித்துப் பாம்புச் சட்டைபோல் உரிந்து தொங்க, சுவரை நோக்கிய பக்கத்தில் அதே பெயிண்ட் நேற்றுப் பூசியதுபோல் பளபளத்துக்கொண்டிருக்கும். உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினால், காவிக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் கறுத்து எண்ணெய் ஊறிய மரம் என்று, ஒரு குடும்பம் கொண்டாடிய பொங்கல்களின் சரித்திரமே வெளிப்பட்டுவிடும்.

அந்த அடிமரத்தின் காலம்தான் நீண்டது. சேலம், தருமபுரிப் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் ஆச்சா மரம் தண்ணீரில் போட்டால் மூழ்கக்கூடிய கனமுடையது; உளியின் வாயை மழுக்கிவிடும். இத்தகைய வைர மரத்துக்கு நம்முடைய முன்னோர் நிறம் தீட்ட எண்ணியதில்லை, எண்ணெய் காட்டினார்கள். வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் உலர்ந்து ஏடாகக் கட்டுவதில்லை. மரத்துக்குள் இறங்கி அங்கேயே ஈரமாக நிற்கும். தூசி ஒட்டும், தூணில் சாய்ந்தால் வேட்டியில் கறை படியும் என்ற குறைகள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வேம்பின் கசப்பு கறையானைத் தூர நிறுத்தியது. எண்ணெய் வற்றினால் இன்னொரு முறை துணியில் தோய்த்துத் தேய்த்தால் போதுமாயிருந்தது. கடற்கரையில் தோணிக்காரர் சுறா எண்ணெயைக் கொண்டு செய்ததும் இதுவே. சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூசுதல் என்ற தொழிலுக்கே அக்காலத்தில் அவசியம் இல்லை. உரிவதற்குத் தோல் இருந்தால் அல்லவா உரிக்க வேண்டும்?

அந்தத் தோல் வெள்ளைக்காரர் ஆட்சியோடு வந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து தருமபுரி அடங்கிய பாராமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு மாறி, தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி வருவாய் நிர்வாகம் பார்த்த நாட்களுக்குப் பின், கச்சேரிகளிலும் முசாபரி பங்களாக்களிலும் காலக்கிரமத்தில் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த பச்சை வர்ணமும் வார்னிஷும் குடியேறின. 1902இல் கல்கத்தாவை அடுத்து ஷாலிமார் கம்பெனியும், 1942இல் பம்பாயில் ஏஷியன் பெயின்ட்ஸும் தோன்றிய பிறகு, டப்பாப் பெயிண்ட் கிராமத்துச் சந்தை வரையில் வந்து சேர்ந்தது. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குத் தீட்டிய பெயிண்டின் மிச்சம் வீணாகலாகாதென்று கதவுக்கும் தூணுக்கும் போயிற்று. கொம்பில் அது அழகாகவே நின்றது, தூணில்தான் நிற்கவில்லை.

காரணம் எளியது. மரம் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். முதிர்ந்த பெயிண்ட் ஏடோ அதனோடு அசைய மாட்டாமல் வெடிக்கும். வெடிப்பிலும் தூணின் அடிமுனையிலும் புகுந்த நீர் வெளியேற வழியின்றி ஏட்டுக்கும் மரத்துக்கும் இடையே தங்கி, வெயில் ஏறியதும் ஏட்டைத் தள்ளிவிடும். நிறமற்ற வார்னிஷ் இன்னும் மோசம். சூரிய ஒளி அதை ஊடுருவி மரத்தின் மேல்நாரையே சிதைப்பதால், ஏடு பற்றி நிற்பதற்கு இடமே இல்லாமற் போகிறது.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. வாசலில் போட்டிருந்த வேங்கைப் பெஞ்சுக்கு ஆசையாக வார்னிஷ் அடித்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கழிவதற்குள் அது வெண்குஷ்டம் பிடித்தாற்போல் ஆனதைக் கண்டு ஓர் ஆசாரியை அழைத்தேன். அவசரத்தில் நான் ஏற்கனவே காரச் சோடாவைத் தடவியிருந்ததால் வார்னிஷ் கழன்றது உண்மை. துவர்ப்புச் சத்து மிகுந்த மரம் கரியாகக் கறுத்ததும் உண்மை. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. புளியைக் கரைத்துக் கொண்டுவரச் சொல்லி, தென்னை நாரால் தேய்த்து, பலமுறை நீர் விட்டு அலம்பினார். பித்தளைக் குடம் துலங்குவதுபோல் மரம் செம்மைக்குத் திரும்பியது. ஒரு வாரம் நிழலில் உலரவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால், மரத்தின் நாரோடு ஒத்துச் சீவினார். வெங்காயச் சருகுபோல் சுருள்கள் விழுந்தன. உப்புத்தாள் போட்டபின், ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தார். அது முத்தாக நின்ற இடத்தில் மறுபடியும் சீவினார். உறிஞ்சிய இடத்தில்தான் எண்ணெயை வைத்தார்.

மரத்தின் மேல் பூசுவதைவிட உள்ளே செலுத்துவதே மேல் என்ற இந்தக் கருத்து, மக்கிப்போகும் தண்டவாளக் கட்டைகளின் பிரச்சினையால் விஞ்ஞானத்துக்கும் வந்து சேர்ந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிறிய ரயில் ஓடத் தொடங்கிய அதே 1906இல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அங்கே 1933இல் சோந்தி காமேசன் என்பவர், செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் உப்புகளை நீரில் கரைத்து மரத்துக்குள் செலுத்தும் ‘ஆஸ்கு’ என்ற மருந்தைக் கண்டார். அமெரிக்காவின் வீட்டுத் தாழ்வாரங்களும் வேலிகளும் பல பத்தாண்டுகள் நம்மவர் ஒருவரின் அந்த மருந்தால் நின்றன. ஆர்செனிக்கின் நஞ்சுக்கு அஞ்சி 2003ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு உபயோகத்திலிருந்து அங்கே அதை விலக்கினார்கள்.

நஞ்சு பெயிண்டிலும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி இந்த நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய தூண்களின் பச்சையும் காவியும் அதற்கு முந்தியவை. ஆகையால் இந்த ஆண்டு பொங்கலுக்குத் தூணைச் சுரண்டப் போகிறவர்கள், ஊதுவிளக்கு வைத்து எரிக்காமல், மரத்தை நனைத்துச் சீவி, விழுந்த சருகையெல்லாம் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தும் வரையில் குழந்தைகளைத் திண்ணைப் பக்கம் விடாதிருக்க வேண்டுகிறேன்.