எண்ணெய் மாறினால் வளையமும் மாறவேண்டும்

டில்லி சாணக்கியபுரியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தைக் கண்டோர் பலர் ‘ஃபேரி குவீன்’ என்னும் நீராவி எஞ்சினை அறிவர். 1855ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பெற்ற அவ்வெஞ்சின் 1909இல் ஓய்வு பெற்றது. நெடுங்காலம் காட்சிப் பொருளாக நின்ற அது, நம் சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையில் செப்பனிடப்பெற்று, 1997இல் டில்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே மீண்டும் ஓடிற்று.

பழைய இயந்திரம் ஒன்று மீண்டும் இயங்குவதற்கு இரும்பின் உறுதி மட்டும் போதாது. அசையும் தண்டும் அசையாத உறையும் கூடும் இடத்தில், ஆவியோ எண்ணெயோ கசியாமல் காக்கும் சிறு பொருள் ஒன்று உண்டு. அதைப் பட்டறைகளில் பாக்கிங் என்றும், வாஷர் என்றும், ஆயில் சீல் என்றும் வழங்குவர். இயந்திர வரலாற்றில் அதிகம் பேசப்படாத உறுப்பு இதுவே.

ஃபேரி குவீன் பிறந்த காலத்தில் சணற்கயிற்றைக் கொழுப்பில் ஊறவைத்துப் பிஸ்டன் தண்டைச் சுற்றி இறுக்குவது வழக்கம். தோலும் இவ்வேலைக்கு உதவிற்று. உராய்வைக் குறைக்க விலங்குக் கொழுப்பையும் தாவர எண்ணெயையும் இட்டனர். நம் நாட்டு ரயில்களில் ஆமணக்கெண்ணெயும் பயன்பட்டது. அடைப்புக்கும் எண்ணெய்க்கும் அன்று பகை இல்லை. பின்னர் மிகை வெப்ப நீராவி வந்தது. அவ்வெப்பத்தைக் கொழுப்பும் கயிறும் தாங்கவில்லை. உலோகப் பாக்கிங்கும் கனிம எண்ணெயும் அவற்றின் இடத்தைப் பெற்றன. எண்ணெய் மாறியபோது அடைப்பும் உடன் மாறிற்று என்பது இங்கே கருதத்தக்கது.

ரப்பர் வந்தபின் இவ்வுறவு மேலும் நுட்பமாயிற்று. இயற்கை ரப்பர் ஆமணக்கெண்ணெயைத் தாங்கும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயில் ஊறினாலோ பருத்து நைந்துவிடும். ஆதலால்தான் பழைய மோட்டார் வண்டிகளின் பிரேக்குக்கு ஆமணக்கெண்ணெயும் சாராயமும் சேர்ந்த கலவையை வார்த்தனர். 1930களில் ஜெர்மனியில் உருவான நைட்ரைல் ரப்பர் கனிம எண்ணெயைத் தாங்கிற்று. எனினும் அதுவும் சிறிது பருக்கும். எண்ணெயிலுள்ள அரோமாட்டிக் என்னும் சேர்மங்களே அதற்கு முக்கிய காரணம். அளவான பருமன் தீங்கன்று. அது வளையத்தை இடத்தில் இறுக்கமாக வைத்திருக்கும்.

இனி டில்லியின் டீசலை எடுத்துக்கொள்வோம். காற்று மாசைக் குறைப்பதற்காக அதிலுள்ள கந்தகம் படிப்படியாகக் குறைக்கப்பெற்றது. அதன் உச்ச அளவு பத்து லட்சம் பங்குக்கு 2005இல் 350 பங்கு. 2010இல் 50 பங்கு. 2018 ஏப்ரல் 1 முதல் 10 பங்கு. நாடு முழுவதும் 2020இல் அடைந்த நிலையைத் தலைநகர் ஈராண்டு முன்னரே அடைந்தது. ஹைட்ரஜன் வாயுவின் துணையால் கந்தகத்தை அகற்றும்போது அரோமாட்டிக் சேர்மங்களிலும் ஒரு பகுதி குறைகிறது. பல்லாண்டு ஊறி, வெப்பத்தில் உழைத்து, மீள்தன்மையை இழந்த பழைய வளையம் அப்போது சுருங்கிக் கசியக்கூடும். 1993இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் புதிய டீசல் புகுந்தபோது, பழைய எரிபொருள் பம்புகள் பல கசிந்தமை இதற்குச் சான்று. புதிய வளையங்களுக்கு அத்துன்பம் அரிது. பழைய எண்ணெயின் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

உயவு எண்ணெயிலும் இதே நியதிதான். செயற்கை எண்ணெய்களில் ஒரு வகை ரப்பரைச் சுருக்கும். எஸ்டர் என்னும் மற்றொரு வகை பருக்கச் செய்யும். இரண்டையும் அளவறிந்து கலப்பது தயாரிப்பாளர் வழக்கம். புதிய எண்ணெய் வார்த்ததும் பழைய எஞ்சின் ஒழுகினால், குற்றம் முழுவதும் எண்ணெயின்மேல் அன்று. பிளவுகளை மூடியிருந்த பழைய கசடு, எண்ணெயில் கலந்துள்ள அழுக்கு நீக்கும் பொருளால் கரைந்திருக்கவும் கூடும்.

ஆகவே, பழைய ஜெனரேட்டரோ, பம்போ, காரோ வைத்திருப்போர் எண்ணெயை மாற்றுமுன் வளையங்களின் வயதையும் வகையையும் அறிதல் நலம். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இந்நாளில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. பழைய வண்டிகளின் ரப்பர்ப் பாகங்கள் எத்தனாலை எண்ணிச் செய்யப்பெற்றவை அல்ல. சூடான எஞ்சின்மேல் சொட்டும் எரிபொருள் தீ விபத்துக்கு வித்தாகும்.

தூய காற்று நகரத்தார் அனைவரின் உரிமை. அதற்கென வந்த எரிபொருளை வெறுப்பது முறையன்று. ஆனால் பெரிய சீர்திருத்தத்தின் சுமை மிகச் சிறிய உறுப்பின்மேல் வந்து இறங்குவதுண்டு. முன்னரே அறிந்தோர்க்கு அதன் விலை ஒரு ரப்பர் வளையம். அறியாதோர்க்கோ ஓர் எஞ்சின்.