டிரக் கேம்பர் உள்ளமைப்பின் வரலாறு

டிரக் கேம்பர் என்பது பிக்கப் வண்டியின் திறந்த பின்பகுதியில் ஏற்றி வைக்கப்படும் சிறு அறை ஆகும். படுக்கை, அடுப்பு, மேசை, தண்ணீர்த் தொட்டி, அலமாரி ஆகியவை அதற்குள் அடங்கும். வண்டி வேறு, அறை வேறு என்பதால், தேவையில்லாத நாள்களில் அறையை இறக்கி வைத்துவிட்டு வண்டியில் சரக்கு ஏற்றலாம். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் கனடாவிலும் இவை மிகுதி. வாங்கிய கேம்பரின் உட்புறத்தைத் தாமே மாற்றிக்கொள்வதும், வெறும் கூட்டை வாங்கி உள்ளே தாமே தச்சுவேலை செய்துகொள்வதும் அங்கே பரவலான வழக்கம்.

இதை உல்லாசப் பயணிகளின் பொழுதுபோக்கு என்றே பலரும் அறிவர். ஆனால் அந்தச் சிற்றறைக்குள் உள்ள முக்கியமான அமைப்புகளின் மூலத்தைத் தேடிச் சென்றால், வேலை நடக்கும் இடத்திலேயே உண்டு உறங்க வேண்டியிருந்த உழைப்பாளிகளிடம் போய்ச் சேர்கிறோம்.

சமையல் வண்டி

1866-இல் டெக்சாஸ் மாநிலக் கால்நடைப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட், இராணுவத்தில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட ஒரு குதிரை வண்டியை வாங்கிச் சமையல் வண்டியாக மாற்றினார். மாட்டு மந்தையை வாரக்கணக்கில் ஓட்டிச் செல்லும் ஆள்களுக்கு வழியில் உணவு சமைப்பதே அதன் வேலை. வண்டியின் பின்புறத்தில் பல அறைகளும் இழுப்பறைகளும் கொண்ட ஒரு மரப்பெட்டி பொருத்தப்பட்டது. மாவு, காப்பிக்கொட்டை, பயறு, மருந்து என ஒவ்வொன்றுக்கும் தனி இடம். பெட்டியின் மூடி கீழ்ப்புறம் கீலால் இணைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்து கீழே இறக்கி ஒரு காலை முட்டுக்கொடுத்தால் அதுவே சமையல் மேசை ஆகிவிடும். பக்கவாட்டில் தண்ணீர்ப் பீப்பாய் இருந்தது. வண்டியின் அடியில் கட்டிய தோல் தொட்டிலில் விறகு இருந்தது.

ஒரே பலகை மூடியாகவும் மேசையாகவும் இருப்பது, வண்டி குலுங்கினாலும் பொருள் சிதறாதபடி ஒவ்வொன்றுக்கும் அளவான அறை இருப்பது ஆகிய இரண்டும் இன்றைய கேம்பர் தச்சுவேலையின் அடிப்படை விதிகள்.

ஆட்டிடையர் வண்டி

சமையல் வண்டியில் உறங்க இடமில்லை. அந்தக் குறையை வயோமிங் மாநில ஆட்டிடையர்களின் வண்டி தீர்த்தது. ராலின்ஸ் என்னும் ஊரின் கொல்லரான ஜேம்ஸ் கேண்ட்லிஷ் 1884-இல் இதை முதலில் செய்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. குளிர்காலம் முழுவதும் ஆட்டு மந்தையோடு தனியே இருக்க வேண்டிய ஒருவருக்கான வீடு இது. வளைத்த மரச்சட்டங்களின்மேல் கித்தான் போர்த்திய கூரை. பின்புறத்தில் குறுக்காகப் படுக்கை. படுக்கையின் அடியிலிருந்து இழுத்தால் வெளியே வரும் மேசை. இருபுறமும் பெஞ்சுகள், அவற்றின் அடியில் பொருள் வைக்கும் இடம். கதவருகே இரும்பு அடுப்பு. கதவோ மேல்பாதி, கீழ்பாதி எனத் தனித்தனியே திறக்கக்கூடியது. மேல்பாதியைத் திறந்து வைத்தால் அடுப்புள்ள அறைக்குள் காற்று வரும். இடையர் உள்ளே நின்றபடியே குதிரையின் கடிவாளத்தையும் பிடிக்கலாம்.

படுக்கை ஒரு முனையில், அடுப்பு கதவருகே, நடுவில் பெஞ்சும் மேசையும் என்னும் இந்த அமைப்புக்கும் பிற்காலக் கேம்பரின் தரைப்படத்திற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

மோட்டார் வண்டியும் பஞ்சமும்

1908-இல் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் விற்பனைக்கு வந்தபின் நடுத்தரக் குடும்பங்களும் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றத் தொடங்கின. 1919-இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் இப்படிப்பட்ட பயணிகள் ‘தகரக் குவளைப் பயணிகள்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தனர். 1925-இல் ஃபோர்டு, பிக்கப் உடலமைப்பைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. அதுவரை காரின் பின்புறத்தை வெட்டி மரத்தொட்டி அடித்துக்கொண்ட உழவர்களுக்கு இது ஆயத்தமாகக் கிடைத்தது.

1930-களில் நிலைமை மாறியது. பொருளாதாரப் பெருமந்தமும் நடுச் சமவெளி மாநிலங்களில் வீசிய புழுதிப் புயல்களும் இலட்சக்கணக்கானோரை நிலத்தைவிட்டு வெளியேற்றின. பழைய காரையும் டிரக்கையும் வீடாக்கிக்கொண்டு அவர்கள் கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். மெத்தை, அடுப்பு, வாளி ஆகியவை வண்டியின்மேல் கட்டப்பட்டன. 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவல்துறை மாநில எல்லைகளுக்கே காவலர்களை அனுப்பி, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. ஏழை உறவினர் ஒருவரை டெக்சாசிலிருந்து தம் காரில் அழைத்து வந்ததற்காக எட்வர்ட்ஸ் என்பவர் தண்டிக்கப்பட்டார். அவ்வாறு அழைத்து வருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1941-இல் தீர்ப்பளித்தது.

ஒட்டுப்பலகையும் சொந்தத் தச்சுவேலையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலையும் வருமானமும் பெருகின. பிக்கப்பின் பின்பகுதியில் தாமே அறை கட்டிக்கொள்ளும் வழக்கமும் பரவியது. இதற்குப் பெரிதும் துணைநின்ற பொருள் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட். ஈரம் பட்டாலும் பிரியாத பசை 1930-களில் வந்தபின் இதை வெளிப்புற வேலைகளுக்கும் நம்பிப் பயன்படுத்த முடிந்தது. அமெரிக்காவில் இதன் வழக்கமான அளவு 4 அடி அகலம், 8 அடி நீளம். முழு அளவுப் பிக்கப்புகள் பலவற்றின் பின்பகுதியும் 8 அடி நீளம். சக்கர மேடுகளுக்கு இடையே ஒரு பலகை தட்டையாகக் கிடக்கும் அளவுக்கு இடமும் உண்டு. எனவே முழுப் பலகையை வீணாக்காமல் தரையும் சுவரும் அமைக்க முடிந்தது. பாப்புலர் மெக்கானிக்ஸ் போன்ற இதழ்கள் இத்தகைய வீட்டுத் தச்சுவேலைகளுக்கு வரைபடங்கள் வெளியிட்டன.

இரு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு மேசை. இரவில் மேசையைத் தாழ்த்தினால் மூன்றும் சேர்ந்து படுக்கை என்பது இவற்றில் வழக்கமான அமைப்பு. நம் இரயில் பெட்டியில் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையின் இரு இருக்கைகளும் சாய்ந்து ஒன்றாவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேலே நீட்டிய பகுதியில் மற்றொரு படுக்கை அமைக்கப்பட்டது.

எரிவாயு, குளிர், எடை

விறகு அடுப்பின் இடத்தை எரிவாயு பிடித்தது. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியசிலேயே வாயுவாக மாற மறுக்கும். புரொப்பேன் −42 டிகிரி வரை வாயுவாகும். ஆகவே குளிர்நாடுகளில் புரொப்பேன் நிலைத்தது. ஆனால் அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழாமல் தரையில் தேங்கும். எனவே உருளை வைக்கும் அறை உட்புறத்தோடு தொடர்பின்றி அடைக்கப்பட்டு, அதன் அடிப்பகுதியில் வெளியே திறக்கும் துளை வைக்கப்படுகிறது. மூடிய அறையில் அடுப்பு எரிந்தால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். இடையர் வண்டியின் பாதிக்கதவு செய்த வேலையை இன்று கூரைத் துளையும் எச்சரிக்கைக் கருவியும் செய்கின்றன.

1922-இல் சுவீடன் மாணவர்களான பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முந்தர்ஸ் ஆகிய இருவர், வெப்பத்தைக் கொண்டு அம்மோனியாவைச் சுழலச் செய்யும் குளிர்பெட்டியை உருவாக்கினர். சிறு எரிவாயுச் சுடரே இதற்குப் போதும், மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் திரவம் தன் எடையாலேயே வழிந்து திரும்ப வேண்டியிருப்பதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

எடையும் முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டி ஒரு ஆளின் எடைக்கும் மேல். கனமான பொருளைத் தாழ்வாகவும் பின் அச்சுக்குச் சற்று முன்பாகவும் வைக்காவிட்டால் வளைவில் வண்டி சாயும். கேம்பரின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1970-களில் அமெரிக்க அரசு விதி செய்தது.

ஸ்டைன்பெக்கின் வண்டி

டிரக் கேம்பருக்குப் பெரும்புகழ் தந்தவர் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். புழுதிப் புயல் அகதிகளின் டிரக் பயணத்தை 1939-இல் நாவலாக எழுதிய அவரே, 1960-இல் ஒரு ஜி.எம்.சி. பிக்கப்பின்மேல் கேம்பர் பொருத்தித் தம் நாயுடன் நாட்டைச் சுற்றினார். டான் குயிக்சாட்டின் குதிரையான ரோசினாந்தேயின் பெயரை வண்டிக்கு வைத்தார். மூடியுள்ள வாளியில் தண்ணீரும் சோப்பும் துணியும் இட்டு, இழுபடும் கயிற்றில் உள்ளே தொங்கவிட்டார்; சாலையின் குலுக்கலே துணியைத் துவைத்தது. தேவைக்கு மிஞ்சிய பொருள்களை ஏற்றிவிட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். அந்த வண்டி இன்று கலிபோர்னியாவின் சலீனாஸ் நகரில், அவர் பெயரிலான காட்சியகத்தில் உள்ளது.

மீண்டும் தேவை

2008-ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் வேனிலும் கேம்பரிலும் குடியேறி, கிடங்கு வேலைக்கும் சர்க்கரை பீட்ரூட் அறுவடைக்கும் பருவந்தோறும் இடம் மாறினர். இவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் எழுதிய ‘நோமாட்லாண்ட்’ நூல் 2017-இல் வந்தது. அதைத் தழுவிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது.

வண்டியை வசிப்பிடமாகப் பயன்படுத்தக் கூடாது என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விதி தெளிவற்றது, செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. எது வசிப்பது, எது பயணம் என்று அந்த விதி வரையறுக்கவில்லை. நடைமுறையில் வீடற்றோர்மீதே அது பாய்ந்தது. ஆனால் பொது இடங்களில் முகாமிடுவதைத் தடைசெய்யும் உள்ளூர் விதிகளின்படித் தண்டிப்பது, அரசமைப்பு தடைசெய்யும் கொடிய தண்டனை ஆகாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

விடுமுறையில் செல்பவரின் வண்டியிலும் வேறு வீடில்லாதவரின் வண்டியிலும் இருப்பது அதே மடிப்பு மேசை, அதே பெஞ்சு. எந்த வண்டி எங்கே இரவில் நிற்கலாம் என்னும் வழக்கு இன்றும் ஊருக்கு ஊர் தொடர்கிறது.