அடிபடாத செல்லின் சேதம்: கதிர்வீச்சின் அண்டைச்செல் விளைவும் குறைந்த டோஸின் ஆபத்து மதிப்பீடும்

முன்னுரை

கதிர்வீச்சு உயிரியல் நெடுங்காலம் ஓர் எளிய கணக்கை நம்பி வந்தது. கதிர் எந்தச் செல்லின் உட்கருவைத் துளைக்கிறதோ அந்தச் செல் சேதமடையும். துளைபடாத செல் தப்பிக்கும். டக்ளஸ் லீ 1946-இல் வெளியிட்ட நூல் இந்த இலக்குக் கோட்பாட்டை முறைப்படுத்தியது. 1970-இல் மன்ரோ, பொலோனியம் தோய்ந்த நுண்ணூசியைச் சீன ஹாம்ஸ்டர் செல்களின் அருகே கொண்டுசென்று சோதித்தார். சைட்டோபிளாசம் பெரும் டோஸையும் தாங்கியது. உட்கருவில் சிறிதளவு பட்டாலே செல் மடிந்தது. கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை.

1992-இல் ஹார்வர்டைச் சேர்ந்த நாகசாவாவும் லிட்டிலும் வெளியிட்ட முடிவு இந்தக் கணக்கைக் குலைத்தது. புளூட்டோனியம்-238 உமிழும் ஆல்பா துகள்களை 0.31 மில்லிகிரே என்ற மிகக் குறைந்த டோஸில் அவர்கள் செல்களின் மீது செலுத்தினர். அந்த டோஸில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான உட்கருக்களையே துகள் துளைத்திருக்க முடியும். ஆனால் மரபுப்பொருள் சேதத்தின் குறியான சகோதரி குரோமாட்டிட் பரிமாற்றம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுச் செல்களில் கூடியிருந்தது. அடிபடாத அண்டைச் செல்லிலும் சேதம் தோன்றும் இந்த அண்டைச்செல் விளைவு பற்றிய இன்றைய ஆராய்ச்சி இங்கிருந்து தொடங்குகிறது.

அடிபடாத செல்லும் சேதமடையும் என்றால், குறைந்த டோஸ் நாம் நினைத்ததைவிட ஆபத்தானது என்ற முடிவுக்குப் பலர் தாவினர். அந்தத் தாவலுக்கு ஆதாரம் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். விளைவு உண்மையானது, ஆனால் அது ஆபத்தின் அளவைத் திருத்துவதைவிட, ஆபத்தை எதன் மட்டத்தில் அளப்பது என்ற கேள்வியையே எழுப்புகிறது.

சான்றின் வலிமை

1997-இல் மதர்சில், சீமோர் ஆகியோர் செய்த ஊடகமாற்றச் சோதனை இத்துறையில் அதிகம் பின்பற்றப்பட்டது. ஒரு குடுவையில் வளரும் செல்களுக்குக் கதிர்வீச்சு தரப்படுகிறது. சில மணி நேரம் கழித்து அவை மிதந்த வளர்ப்பு ஊடகத்தை வடிகட்டி, கதிரே படாத வேறொரு குடுவையின் செல்களுக்கு ஊற்றுகிறார்கள். இரண்டாம் குடுவையில், பெருகிக் குழுமம் உருவாக்கும் செல்களின் எண்ணிக்கை குறைகிறது. செல்லே இல்லாத வெறும் ஊடகத்துக்குக் கதிர்வீச்சு தந்து ஊற்றினால் இந்த விளைவு இல்லை. ஆகவே சேதம் விளைவிப்பது கதிர்பட்ட திரவமன்று. கதிர்பட்ட செல்கள் அதில் வெளியிட்ட ஏதோ ஒன்று. எபிதீலியச் செல்களின் ஊடகம் இவ்வாறு செயல்பட்டது. நாரரும்புச் செல்களின் ஊடகம் செயல்படவில்லை.

நுண்கற்றைக் கருவிகள் வந்தபின் எந்தச் செல்லை எத்தனை துகள் தாக்கியது என்ற ஐயமும் நீங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 2001-இல், பத்தில் ஒரு செல்லின் உட்கருவில் மட்டும் ஒரே ஓர் ஆல்பா துகளைச் செலுத்தியது. கிடைத்த சடுதிமாற்ற வீதம், எல்லாச் செல்களையும் ஒவ்வொரு துகளால் தாக்கியபோது கிடைத்ததற்கு நெருக்கமாக இருந்தது. 2005-இல் பெலியாகோவும் கூட்டாளிகளும் ஆய்வகத்தில் வளர்த்த முப்பரிமாண மனிதத் தோல் திசுவில், கதிர்பட்ட கோட்டிலிருந்து 1 மில்லிமீட்டர் தொலைவுவரை இவ்விளைவைக் கண்டனர். செல்லின் அளவோடு ஒப்பிட்டால் அது நெடுந்தொலைவு.

எதிர்ச்சான்றுகளும் உண்டு. 2008-இலும் 2010-இலும் வெளியான இரு கவனமான ஆய்வுகள், இயல்பான மனிதச் செல்களில் இவ்விளைவைத் தேடியும் காணவில்லை. இவற்றை ஒதுக்கிவிட முடியாது. செல்வகை, வளர்ப்புச் சூழல், அளக்கப்படும் குறி ஆகியவற்றைப் பொறுத்தே விளைவு தோன்றுகிறது என்பதை இவை உணர்த்துகின்றன. இயற்பியல் விதிபோல எங்கும் ஒரேபடி நிகழ்வது அல்ல இது.

செய்தி செல்லும் வழி

சமிக்ஞைக்கு இரண்டு பாதைகள் தெரியவந்துள்ளன. ஒட்டி வளரும் செல்களில் இடைவெளிச் சந்திப்புகள் வழியாகச் சிறு மூலக்கூறுகள் நேரடியாகக் கடக்கின்றன. அஸ்ஸாமும் கூட்டாளிகளும் 1998-இல் லிண்டேன் என்ற வேதிப்பொருளால் இந்த வாயில்களை அடைத்தபோது, அண்டைச் செல்களில், சேதத்தை உணர்த்தும் பி53 புரத எதிர்வினை பெரிதும் அடங்கியது. இரண்டாம் பாதை ஊடகம்: சைட்டோகைன்கள், நைட்ரிக் ஆக்சைடு, வினைதிறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் முதலியவை அதில் பரவுகின்றன. சைட்டோபிளாசத்தை மட்டும் தாக்கினாலும் அண்டைச் செல்கள் எதிர்வினை காட்டும் என்று 2004-இல் ஷாவோ முதலியோர் நிறுவினர். உட்கருவே ஒரே இலக்கு என்ற நம்பிக்கை இதனால் தளர்ந்தது.

இங்கு கவனிக்க வேண்டியது டோஸுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு. சீமோர், மதர்சில் சோதனைகளில் 0.01 கிரே முதல் 5 கிரே வரை அண்டைச்செல் இறப்பு ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. டோஸ் ஏற ஏற விளைவும் ஏறவில்லை. சமிக்ஞை ஒருமுறை தூண்டப்பட்டால் விரைவில் உச்சம் தொட்டுவிடுகிறது.

ஒரே விளைவு, இரண்டு திசைகள்

மான்குசோவும் கூட்டாளிகளும் 2008-இல், பேட்ச்டு ஜீனின் ஒரு பிரதி பழுதான எலிக்குட்டிகளின் தலையை ஈயத்தால் மூடி, உடலுக்கு மட்டும் கதிர்வீச்சு தந்தனர். மூடிய தலையின் சிறுமூளையில் மெடுலோபிளாஸ்டோமா கட்டிகள் மிகுந்தன. சிதறிய கதிரால் மட்டும் இதை விளக்க முடியாது என்பதையும் தனியே சோதித்துக் காட்டினர்.

இதற்கு முந்தைய ஆண்டு போர்ட்டஸ் குழு கண்டது நேரெதிர். 2 மில்லிகிரே காமாக் கதிர்பட்ட இயல்பான செல்கள், பக்கத்தில் இருந்த புற்றுநோய்ப் பாதையில் சென்ற செல்களைத் தன்னழிவுக்குத் தூண்டின. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனும் வினைதிறன் மூலக்கூறுகளுமே கருவிகள். இரண்டிலும் செய்தி கதிர்பட்ட செல்களிலிருந்தே வந்தது. பெறுபவர் வேறு, விளைவும் வேறு. மரபுப் பழுதுள்ள வளரும் மூளையில் அது கட்டிக்குத் துணைபோனது, இங்கோ களையெடுத்தது. எனவே அண்டைச்செல் விளைவு என்ற பெயரை வைத்துக்கொண்டு ஆபத்து கூடும் என்றோ குறையும் என்றோ பொதுவாகச் சொல்வது பிழை.

ரேடான் தரும் சோதனை

ஆபத்து டோஸுக்கு நேர்விகிதத்தில் கூடும் என்று கொள்ளும் நேர்கோட்டு மாதிரி தவறு என்ற வாதத்துக்கு மிகச் சாதகமான களம், ஆல்பா துகள்களுக்கு மூலமான ரேடான் வாயு. வீட்டு ரேடானில் ஒரு மூச்சுக்குழாய்ச் செல்லின் உட்கருவை ஆல்பா துகள் தாக்குவது அரிது. டோஸ் குறையும்போது தாக்கப்படும் செல்களின் எண்ணிக்கை குறைகிறதே தவிர, தாக்கப்பட்ட செல் பெறும் டோஸ் குறைவதில்லை. ரேடான் மிகுந்த சுரங்கங்களில் உழைத்த தொழிலாளர்களின் செல்களோ பலமுறை தாக்கப்பட்டவை. அண்டைச்செல் விளைவு விரைவில் உச்சம் தொடுவதானால், சுரங்கத் தரவிலிருந்து நேர்கோட்டில் வீட்டு ஆபத்தைக் கணக்கிடுவது குறைமதிப்பீடாக முடியும். 2001-இல் பிரென்னர் முதலியோர் முன்வைத்த கணித மாதிரி இதைத்தான் எச்சரித்தது.

ஆனால் வீட்டு ரேடானை நேரடியாக அளந்த ஆய்வுகள் உள்ளன. 13 ஐரோப்பிய ஆய்வுகளின் தரவை இணைத்து டார்பியும் கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட பகுப்பாய்வில் 7,148 நுரையீரல் புற்றுநோயாளிகள் இடம்பெற்றனர். கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடினால் ஆபத்து 8.4 விழுக்காடு கூடியது. அளவீட்டுப் பிழையைத் திருத்தினால் 16 விழுக்காடு. உறவு நேர்கோட்டில் அமைந்தது. சுரங்க ஆய்வுகளின் கணிப்போடும் பொதுவில் ஒத்துப்போனது. அண்டைச்செல் விளைவு தன்னை வெளிக்காட்ட வேண்டிய இடத்திலேயே பெரிய விலகல் தென்படவில்லை. காரணம் புதிரானதன்று. மக்களிடையே அளக்கப்பட்ட ஆபத்தில் துளைபட்ட செல்லின் பங்கும் துளைபடாத செல்லின் பங்கும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. அதன்மேல் மறுபடி ஒரு பெருக்கற்காரணி சேர்ப்பது ஒரே செலவை இருமுறை எழுதுவதாகும்.

முடிவுரை

அப்படியானால் இந்த அறிவுக்குப் பயன் எங்கே? மக்கள்தொகைத் தரவு எட்டாத இடங்களில். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் ரேடியம்-223 திசுவில் சீராகப் படிவதில்லை. சில செல்கள் பல துகள்களைப் பெறும், பல செல்கள் ஒன்றையும் பெறாமல் இருக்கும். அங்கு திசுவின் சராசரி டோஸ் என்ற ஒற்றை எண் உண்மையை மறைக்கிறது. குழந்தைகளின் கதிர்சிகிச்சையில் ஈயத்தால் மறைத்த உறுப்பை டோஸ் பெறாதது என்று மட்டும் பதிந்துவிடுவதும், எலிகள் காட்டியபடி, போதாது.

இனிவரும் ஆய்வுகள் துளைபட்ட செல்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடக் கூடாது. சமிக்ஞை அனுப்பிய செல்லின் வகை, பெற்ற செல்லின் மரபுநிலை, எதிர்வினை நீடித்த காலம் ஆகிய மூன்றையும் முழுத் திசுவில் அளந்து பதிய வேண்டும். இவை இல்லாமல் வெளியாகும் அண்டைச்செல் முடிவுகளைப் பாதுகாப்பு வரம்புகளைக் கூட்டவோ குறைக்கவோ ஆதாரமாகக் கொள்வதற்கில்லை.