மார்க்கோவின் நான்கு எண்களும் ஏ.பி.எல் மொழியும்

நிகழ்தகவு என்றாலே நம் பாடப்புத்தகங்களில் நாணயம் சுண்டுவதும் பகடை உருட்டுவதும்தான். ஒரு முறை தலை விழுந்ததால் அடுத்த முறை பூ விழும் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் எழுத்துக்கள் அப்படியா? ஒரு மெய்யெழுத்துக்குப் பின்னால் உயிரெழுத்து வர வாய்ப்பு அதிகம். இன்றைய மழைக்கும் நாளைய மழைக்கும்கூடத் தொடர்பு உண்டு. இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று வரும் நிகழ்ச்சிகளுக்கு முதன்முதலில் முறையான கணிதம் எழுதியவர் ரஷ்யாவின் ஆந்த்ரேய் மார்க்கோவ் (1856-1922).

அவர் அதை எழுதியதற்குக் காரணம் ஒரு சண்டை!

மாஸ்கோவில் பாவெல் நெக்ராசோவ் என்ற கணிதப் பேராசிரியர் இருந்தார். இறையியல் படித்துவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர். 'பேரெண் விதி' என்று ஒன்று உண்டு. ஒரு சோதனையைப் பல ஆயிரம் முறை செய்தால் சராசரி ஒரு நிலையான எண்ணை நெருங்கும் என்பதுதான் அது. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால் மட்டுமே இந்த விதி செல்லும் என்று நெக்ராசோவ் 1902ல் வாதிட்டார். திருமணம், குற்றம் போன்றவற்றின் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. ஆகவே மனிதச் செயல்கள் ஒன்றையொன்று சாராதவை, ஆகவே மனிதனுக்குச் சுதந்திர சித்தம் இருக்கிறது என்பது அவர் முடிவு.

மார்க்கோவ் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1912ல், தன்னைத் திருச்சபையிலிருந்து நீக்கும்படி தானே மனுப் போட்ட ஆசாமி. கணிதத்தை இப்படி வளைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஒன்றையொன்று சார்ந்த நிகழ்ச்சிகளுக்கும் பேரெண் விதி பொருந்தும் என்று 1906ல் நிரூபித்துக் காட்டினார். இன்று நாம் 'மார்க்கோவ் சங்கிலி' என்று சொல்வது அங்கே பிறந்ததுதான்.

நிரூபணம் இருந்தும் அவர் நிற்கவில்லை. உண்மையான உதாரணம் ஒன்று வேண்டுமே? புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' நூலை எடுத்து முதல் 20,000 எழுத்துக்களை எண்ணினார். கணினி கிடையாது, கையாலேயே எண்ணினார். நூறு நூறு எழுத்துக்களாக 200 கட்டங்களில் எழுதி வைத்துக்கொண்டு எண்ணினார். 1913 ஜனவரி 23 அன்று (ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி) பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் முடிவைப் படித்தார்.

உயிரெழுத்துக்கள் 8,638. மெய்யெழுத்துக்கள் 11,362. உயிரை அடுத்து உயிர் வந்த இடங்கள் 1,104. எழுத்துக்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் இது 3,700ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஆக, சார்பு இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

இதை ஓர் அணியாக எழுதினால் நான்கே எண்கள்:

உயிருக்குப் பின்: உயிர் 0.128, மெய் 0.872
மெய்க்குப் பின்: உயிர் 0.663, மெய் 0.337

ஒவ்வொரு வரிசையையும் கூட்டினால் 1 வரும். இந்த அணியை அதனாலேயே பெருக்கினால், இரண்டு எழுத்து தள்ளி என்ன வரும் என்பதற்கான நிகழ்தகவு கிடைக்கும். மறுபடி பெருக்கினால் மூன்று எழுத்து தள்ளி. மார்க்கோவின் வாதம் முழுவதும் இந்தப் பெருக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் எண்களை வெறுமனே பார்த்தால் அது கண்ணில் படாது.

இங்கேதான் கதை கனடா பக்கம் திரும்புகிறது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1920ல் பிறந்த கென்னத் ஐவர்சன், 1950களில் ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வழக்கமான கணிதக் குறியீடு அவருக்குப் போதவில்லை. ஓர் எண்ணைக் கையாள்வது போலவே ஒரு முழு அட்டவணையையும் ஒரே குறியால் கையாளும்படி புதிய குறியீடு ஒன்றை உருவாக்கினார். 1962ல் புத்தகமாக வந்தது. அந்தப் புத்தகத்தின் பெயரே பின்னர் ஏ.பி.எல் என்ற கணினி மொழியின் பெயரானது. 1966ல் ஐ.பி.எம் கணினியில் அது ஓடத் தொடங்கியது. அதன் விசித்திரக் குறிகளை அச்சடிக்க ஐ.பி.எம் தட்டச்சு முனையத்தில் தனி எழுத்துப் பந்தையே மாட்ட வேண்டியிருந்தது!

மற்ற மொழிகளில் இரண்டு அணிகளைப் பெருக்க மூன்று வளையங்கள் எழுதுவோம். ஏ.பி.எல்-ல் அது வெறும் +.× மட்டுமே. பெருக்கு, பிறகு கூட்டு என்று அர்த்தம். படம் வரைவதும் அதே பாணிதான். வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை ஐந்து குறிகளை ஒரு வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். அணியின் ஒவ்வொரு எண்ணையும் 1 முதல் 5 வரையிலான முழு எண்ணாக மாற்றி, அந்த அணியாலேயே குறி வரிசையைச் சுட்டினால், திரும்பி வருவது குறிகளால் ஆன ஓர் அணி. அதாவது ஒரு படம்! வளையம் எதுவும் கிடையாது, ஒரே வரி.

ஆனால் ஐந்து குறிகள் போதாது. 0.405, 0.595 இரண்டுமே நடுக் குறியில் விழுந்து ஒன்றாகத் தெரியும். இதனால்தான் நிறம் வசதி. ஐவர்சனும் ரோஜர் ஹுயியும் 1990ல் வெளியிட்ட 'ஜே' மொழி, ஏ.பி.எல்-ன் சிறப்புக் குறிகளை விட்டுவிட்டுச் சாதாரண விசைப்பலகைக் குறிகளுக்கே மாறியது. அதில் 'வியூமேட்' என்றொரு துணைநிரல் உண்டு. அணியைக் கொடுத்தால் ஒவ்வோர் எண்ணையும் ஒரு நிறக் கட்டமாக வரைந்துவிடும்.

மார்க்கோவின் அணியைப் பெரிய எண்ணுக்கு அடர்ந்த நிறம் என்று வைத்து வரைந்தால் என்ன தெரியும்? முதல் படம் சதுரங்கப் பலகை போல. மூலைவிட்டக் கட்டங்கள் (0.128, 0.337) வெளிறியும் மற்ற இரண்டும் அடர்ந்தும் இருக்கும். ஒரு முறை பெருக்கினால் மேல் வரிசை 0.595, 0.405 என்றும், கீழ் வரிசை 0.308, 0.692 என்றும் மாறும். பலகை அப்படியே தலைகீழ்! மூன்றாவது படத்தில் மறுபடி திரும்பும், ஆனால் வேறுபாடு குறைந்திருக்கும். பத்தாவது படத்தில் மேல் வரிசை 0.433, 0.567. கீழ் வரிசை 0.431, 0.569. இரண்டு வரிசைகளும் கண்ணுக்கு ஒன்றுதான். சதுரங்கப் பலகை போய், நெடுக்காக இரண்டு பட்டைகள் மட்டும் மிஞ்சும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாப் படங்களுக்கும் ஒரே நிற அளவுகோல் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல் என்றால் 0.431க்கும் 0.569க்கும் உள்ள சிறிய வித்தியாசம்கூட மலையும் மடுவுமாகத் தெரியும்.

அந்த இரண்டு பட்டைகளுக்கு என்ன அர்த்தம்? நீங்கள் உயிரில் தொடங்கினாலும் மெய்யில் தொடங்கினாலும், பத்து எழுத்து தள்ளிப் போனால் தொடக்கம் மறந்துபோகிறது. உயிரெழுத்து வரும் வாய்ப்பு 0.432 என்ற எண்ணில் போய் நிற்கிறது. 8,638ஐ 20,000ஆல் வகுத்துப் பாருங்கள், அதே எண்! ஒவ்வோர் எழுத்தும் முந்தையதைச் சார்ந்திருக்கிறது, ஆனாலும் சராசரி நிலைக்கிறது. சராசரி நிலைப்பதை வைத்து மனிதச் செயல்கள் சார்பற்றவை என்று முடிவுகட்ட முடியாது. நெக்ராசோவுக்கு மார்க்கோவ் சொன்ன பதில் இதுதான். சுதந்திர சித்தம் உண்டா இல்லையா என்பது வேறு கேள்வி. அதற்குப் பேரெண் விதியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது, அவ்வளவுதான்.

ஐவர்சனுக்கு 1979ல் டூரிங் விருது கிடைத்தது. குறியீடு என்பது சிந்தனைக்கு ஒரு கருவி என்பதுதான் அப்போது அவர் ஆற்றிய உரையின் தலைப்பும் சாரமும். மார்க்கோவ் 200 கட்டங்களை நிரப்பி எண்ணிக் கண்டதை இன்று ஒரு மாணவர் ஒரு வரி எழுதி, இரண்டு பட்டைகளாகப் பார்த்துவிடலாம். ஆனால் எந்த நான்கு எண்களை எடுப்பது, எதை நிரூபிப்பதற்காக எடுப்பது என்பதை எந்த மொழியும் சொல்லித் தராது. அதற்கு ஒரு நல்ல சண்டை தேவைப்பட்டது!