எஸ்.எல்.ஆர் முதல் இன்சாஸ் வரை: துப்பாக்கிக்குள் வாயு செய்யும் வேலை

இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான விஷயம். எங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை நிறையப் பார்க்கலாம். பழைய வடாற்காடு மாவட்டத்திலிருந்து ராணுவத்துக்கு ஆள் போவது தலைமுறை தலைமுறையாக நடப்பது. என்.சி.சி.யில் சேர்ந்த மாணவர்களும் எஸ்.எல்.ஆர், இன்சாஸ் என்ற பெயர்களையும் அவற்றின் பாகங்களையும் மனப்பாடம் செய்கிறார்கள். கேஸ் பிளக், கேஸ் ரெகுலேட்டர், பிஸ்டன் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த பிஸ்டன் ஏன் அங்கே இருக்கிறது, வேறு நாட்டுத் துப்பாக்கியில் ஏன் அது இல்லை என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது.

1962-ல் தொடங்கிய கதை

1962-ல் சீனாவோடு போர் வந்தபோது நம் வீரர்களின் கையில் இருந்தது .303 லீ என்ஃபீல்டு. மேகஸினில் 10 தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ள வேண்டும். அருமையான துப்பாக்கிதான், குறி தவறாது. ஆனால் எதிரே இருந்தவர்களிடம் சோவியத் வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்த டைப் 56 துப்பாக்கிகள் இருந்தன. அவற்றில் போல்ட்டைக் கை தொட வேண்டியதில்லை, விசையை அழுத்தினால் போதும். அந்தத் தோல்விக்குச் சாலை, குளிர் உடை, தலைமை என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனாலும் துப்பாக்கியை மாற்றியே ஆக வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அப்படி வந்ததுதான் 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். முழுப் பெயர் செல்ஃப் லோடிங் ரைஃபிள், அதாவது தானே தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி. மூல வடிவம் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியுதோனே சைவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல். உரிமம் வாங்குவது பற்றிய பேச்சு சரிப்பட்டு வரவில்லை. நம் பொறியாளர்கள் மாதிரிகளைப் பிரித்துப் பார்த்துத் தாங்களே ஒரு வடிவத்தை உருவாக்கினார்கள். எஃப்.என். ஆட்சேபித்தது, பிறகு சமரசம் ஏற்பட்டது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களில் உற்பத்தி ஆரம்பித்தது. 1971 போரில் நம் காலாட்படையின் முக்கியமான துப்பாக்கி இதுதான்.

வாயு என்ன செய்கிறது?

தோட்டா வெடித்ததும் வெடிமருந்து எரிந்து அதிக அழுத்தமுள்ள வாயுவாகிறது. அதுதான் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குண்டு வெளியேறிய பிறகு அந்த வாயு காற்றோடு போய்விடும். வீணாகும் இந்தச் சக்தியில் ஒரு துளியை எடுத்துப் போல்ட்டைப் பின்னால் தள்ளவும், காலி உறையை வெளியே எறியவும் பயன்படுத்தினால் என்ன? இதுதான் மூல யோசனை. பின்னால் போன போல்ட்டை ஸ்பிரிங் திரும்ப முன்னால் தள்ளும். வரும் வழியில் மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு வரும்.

அந்த ஒரு துளி வாயுவை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வழி. முக்கியமானவை மூன்று.

1. நீண்ட வீச்சு பிஸ்டன்

இதில் பிஸ்டனும் போல்ட்டைச் சுமக்கும் பாகமும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருக்கும். வாயு அடித்ததும் இரண்டும் சேர்ந்தே கடைசிவரை பின்னால் போய், சேர்ந்தே திரும்பும். அமெரிக்கா 1936-ல் ஏற்றுக்கொண்ட எம்.1 கேரண்ட் இந்த வகை. முதலில் அதில் குழலின் வாயருகே வாயுவைப் பிடித்தார்கள். பிறகு 1940 வாக்கில் குழலில் சிறு துளை போட்டு எடுக்கும் முறைக்கு மாறினார்கள். 1949-ல் சோவியத் ராணுவம் ஏற்ற ஏ.கே.47-ம் நீண்ட வீச்சுதான்.

இதன் பலம் எடை. கனமான பாகம் வேகமாக நகரும்போது வழியில் மண்ணோ கரியோ இருந்தாலும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். பலவீனமும் அதே எடைதான். ஒவ்வொரு முறையும் அவ்வளவு கனம் முன்னும் பின்னும் ஓடுவதால் துப்பாக்கி குலுங்கும், அடுத்த குறி கொஞ்சம் விலகும்.

2. குறுகிய வீச்சு பிஸ்டன்

நம் எஸ்.எல்.ஆர் இந்த வகை. பிஸ்டன் தனி, போல்ட் பாகம் தனி. கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் காயை அடிப்பது போல, பிஸ்டன் சிறிது தூரம் ஓடி ஒரு தட்டு தட்டிவிட்டு, தன் சொந்த ஸ்பிரிங்கால் திரும்பி விடும். தட்டு வாங்கிய பாகம் மட்டும் மீதி தூரம் போகும். நகரும் எடை குறைவு. சோவியத்தின் எஸ்.வி.டி.40, எஸ்.கே.எஸ். ஆகியவையும் இதே வழிதான். ஜெர்மானியர்கள் ஜி.41 என்ற துப்பாக்கியில் குழல் வாயில் வாயுவைப் பிடிக்கும் முறையைச் செய்து பார்த்துச் சிரமப்பட்டார்கள். பிறகு எதிரியின் எஸ்.வி.டி. முறையையே எடுத்து ஜி.43 செய்தார்கள்!

எஸ்.எல்.ஆரில் இன்னொரு சிறப்பு அதன் கேஸ் ரெகுலேட்டர். எடுத்த வாயுவில் தேவைக்கு மேற்பட்டதை வெளியே விட்டுவிடும் வளையம் அது. துப்பாக்கி அழுக்கடைந்து மந்தமானால் வளையத்தைத் திருப்பி, வெளியேறும் வாயுவைக் குறைக்கலாம். பிஸ்டனுக்கு அடி கூடும். ராஜஸ்தான் மணலுக்கும் லடாக் குளிருக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்றால் இப்படி ஒரு வசதி தேவைதானே.

3. பிஸ்டனே இல்லாத வழி

ஒரு மெல்லிய குழாய் வழியாக வாயுவை நேரே போல்ட் பாகத்துக்கே கொண்டு போவது மூன்றாவது வழி. ஸ்வீடனின் ஏ.ஜி.42 (1942), பிரான்ஸின் எம்.ஏ.எஸ்.49 இப்படிச் செய்யப்பட்டவை. அமெரிக்காவின் யூஜின் ஸ்டோனர் இதை மேலும் மாற்றினார். எம்.16-ல் வாயு போல்ட் பாகத்தின் உள்ளே புகுந்து விரிகிறது, போல்ட்டே பிஸ்டன் வேலையையும் செய்கிறது. எல்லாம் ஒரே நேர்கோட்டில் நடப்பதால் துப்பாக்கி லேசு, குலுக்கல் குறைவு. ஆனால் கரியும் சூடும் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே வந்து சேரும். பிஸ்டன் துப்பாக்கியில் அந்த அழுக்கு பெரும்பாலும் முன்பக்கமே தங்கிவிடும்.

அப்படியானால் எது சிறந்தது?

பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கே ஒரு வெற்றியாளரை அறிவித்து முடித்துவிடும். சரித்திரத்தைப் பார்த்தால் அது அவ்வளவு சுலபமில்லை. மூன்று உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது வியட்நாம். எம்.16 சண்டையின் நடுவில் சிக்கி நின்றது, வீரர்கள் இறந்தார்கள். 1967-ல் அமெரிக்க காங்கிரஸ் குழு விசாரித்தது. வெடிமருந்தின் வகையை மாற்றியிருந்தார்கள். தோட்டா அமரும் அறைக்கு குரோமியப் பூச்சு இல்லை. சுத்தம் செய்யும் கருவிகள்கூடப் போதிய அளவு தரப்படவில்லை. இவற்றைச் சரிசெய்ததும் அதே வாயு முறை ஒழுங்காக வேலை செய்தது. பராமரிப்பைச் சொல்லித்தர 1968-ல் வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற ஓவியரைக் கொண்டு படக்கதைப் புத்தகமே போட்டார்கள்.

இரண்டாவது இலங்கை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியபோது இந்திய அமைதிப்படையிடம் இருந்தது எஸ்.எல்.ஆர். விடுதலைப் புலிகளிடம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகள். எஸ்.எல்.ஆரின் வாயு முறையில் குறை எதுவும் இல்லை. ஆனால் அது சுமார் 114 செ.மீ. நீளம், ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு, மேகஸினில் 20 தோட்டா. ஏ.கே. சுமார் 87 செ.மீ. நீளம், தொடர்ந்து சுடும், 30 தோட்டா. திறந்த வெளியில் தூரத்து எதிரிக்காகச் செய்த துப்பாக்கியோடு பனந்தோப்பிலும் குறுகிய ஒழுங்கைகளிலும் நின்றார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பும்போது சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். அந்த மண்ணின் தமிழ் மக்கள் பட்ட துயரம் தனிக் கணக்கு. இழப்புக்குத் துப்பாக்கி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அனுபவத்துக்குப் பிறகு ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் இந்திய ராணுவத்துக்குள் பெருமளவில் வந்தன.

மூன்றாவது இன்சாஸ். 5.56 மி.மீ. தோட்டா, நீண்ட வீச்சு பிஸ்டன். ஏ.கே.யின் உள்ளமைப்பு, எஃப்.ஏ.எல். பாணி கேஸ் ரெகுலேட்டர் என்று இரண்டு உலகத்தின் நல்லதையும் சேர்க்கப் பார்த்தார்கள். இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள திருச்சி படைக்கலத் தொழிற்சாலையிலும் (1966-ல் தொடங்கியது) இது தயாரானது. 1999-ல் கார்கிலில் என்ன நடந்தது? கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகஸின்கள் விரிசல் விட்டன, எண்ணெய் சுடுபவர் முகத்தில் தெறித்தது என்று புகார்கள் வந்தன. 2005-ல் நேபாள ராணுவமும் குறை சொன்னது, சரியாகப் பராமரிக்கவில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. கார்கிலில் காலை வாரியது காகிதத்தில் வலுவாகத் தெரியும் பிஸ்டன் இல்லை. ஒரு சாதாரண மேகஸின்.

முடிவாக

2021 டிசம்பரில் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டு, உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.203 தயாரிக்க ஏற்பாடானது. மறுபடியும் நீண்ட வீச்சு பிஸ்டன்தான். திருச்சித் தொழிற்சாலையும் ஏ.கே. பாணியில் டி.ஏ.ஆர். என்ற துப்பாக்கியைச் செய்தது.

வாயு முறை என்பது அழுக்கும் சூடும் எடையும் எங்கே இருக்கட்டும் என்று பொறியாளர் செய்யும் தேர்வு. எந்த வழியில் போனாலும் ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தத் தேர்வு சரியாக இருந்தும், மலிவான மேகஸினும் மாற்றிய மருந்தும் கொடுக்காத துடைப்பானும் ஒரு வீரனைக் கைவிட்டுவிடலாம். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அது ஒரு கோப்பு. களத்தில் நின்றவனுக்கு அது உயிர். அடுத்த முறை யாராவது ஏ.கே.யா எம்.16-ஆ என்று வாதம் செய்தால், பிஸ்டனோடு நிறுத்தாமல் மேகஸினைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.