விறலியின் வழியும் என் மனைவியின் வழியும்

சென்னையிலிருந்து கொல்லிமலையின் குண்டனி நாட்டுக்கு நானும் மனைவியும் காரில் போகும் சாலை, சிறுபாணாற்றுப்படையின் நிலத்தை ஊடறுத்துப் போகிறது. நத்தத்தனார் அந்தப் பாட்டில் பாணனை வழிகாட்டி அனுப்புவது ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. அதே பாட்டு கடையெழு வள்ளல்களை அடுக்கும் இடத்தில் ஓரியும் வருகிறான். அவன் ஆண்ட மலைக்குத்தான் நாங்கள் போகிறோம். உறவையும் நட்பையும் பார்க்கக் கணவனும் மனைவியுமாகப் போகும் இந்த நீண்ட பயணத்தைப் பாணனும் ஆடல்மகளான விறலியும் போன பயணத்தோடு சேர்த்துப் படித்தால் இரண்டுமே தெளிவாகின்றன.

முதல் வேறுபாடு கிளம்பும் காரணத்தில் இருக்கிறது. பாணன் வீட்டுச் சமையலறையை நத்தத்தனார் காட்டுகிறார்: கூரைக் கழிகள் இற்று விழுகின்றன, சுவரில் காளான் பூத்திருக்கிறது, குட்டி போட்ட நாய் பால் சுரக்காமல் குரைக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று வாசல் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு அதைச் சாப்பிடுகிறாள். சங்கப் பாட்டில் எனக்குத் தெரிந்து இதைவிட வலிக்கும் கதவு வேறு கிடையாது. அவர்களைச் சாலைக்குத் தள்ளியது பசி. எங்களைத் தள்ளுவது ஆடி மாதம். ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும், அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஐயாற்றில் குளிக்கக் கூட்டம் சேரும், மலையை விட்டு வேலைக்குப் போனவர்களும் வீடு திரும்புவார்கள். ஒரே சமயத்தில் எல்லோரையும் பார்த்துவிடலாம். குண்டனி நாட்டில் இருப்பவர் என் மனைவியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்த அக்கா. சிநேகிதம் என்று தொடங்கியது, பிள்ளைகள் பெரியம்மா, சித்தி என்று கூப்பிடும் உறவாகிவிட்டது.

வழியில் கிடைக்கும் சோற்றை ஒப்பிட்டால் நாம்தான் ஏழை. சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும் தருகிறார்கள். வேலூரில் எயினர் வீட்டுப் பெண்கள் புளிச்சோறும் இறைச்சியும் போடுகிறார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும். ஊர் மாறும்போது இலையில் இருப்பதும் மாறுகிறது. போடுகிறவர்கள் யாரும் பாணனுக்கு முன்பின் தெரிந்தவர்கள் அல்லர். உளுந்தூர்பேட்டை தாண்டி, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் போகும் நாலுவழிச் சாலையில் எங்கே நிறுத்தினாலும் அதே பொங்கல், அதே பரோட்டா. ஊர்களெல்லாம் புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டன. சாலை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் இருக்கிற மனிதர்களை அது நமக்குக் காட்டுவதில்லை.

காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சாலைக்கு வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை, சேலத்தை நெருங்கினால் சேர்வராயன். இந்த மலைகளிலும் கொல்லியிலும் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று பேரின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கதைப்படி பார்த்தால், அண்ணன் தம்பிகள் பிரிந்து குடியேறிய மலைகளுக்கு நடுவே நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

வழி யாருக்குத் தெரியும் என்பதில்தான் ஒப்பீடு சூடு பிடிக்கிறது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. பொருநன், சிறுபாணன், பெரும்பாணன், கூத்தன் என்று வழி கேட்டுக்கொள்பவர்கள் ஆண்கள். திருமுருகாற்றுப்படை கூட ஒரு புலவனைத்தான் முருகனிடம் அனுப்புகிறது. விறலி உடன் நடக்கிறாள்; புலவர்கள் அவளுடைய கூந்தலையும் நடந்து வருந்திய பாதங்களையும் வருணிக்கிறார்கள். அவளிடமே பேசும் விறலியாற்றுப்படைகள் புறநானூற்றில் இருக்கின்றன. ஔவையார் அதியமானிடமும், கபிலர் பாரியிடமும் விறலியை அனுப்புகிறார்கள். எல்லாம் சிறு பாடல்கள். நெடும்பாட்டு அவளுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் காரில் நிலைமை தலைகீழ். சாலையை எனக்குக் கைப்பேசி சொல்லும். எந்த வீட்டில் முதலில் இறங்க வேண்டும், யாருக்குப் போன வருஷத்து மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லை, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பதால் இனிப்பு வாங்கக் கூடாது, யாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். ஆத்தூரில் இருக்கும் சித்தியைப் பார்க்காமல் மலைக்குப் போனால் அடுத்த கல்யாணம் வரை பேச்சு நீளும் என்று அவள் சொன்னால், வண்டி ஆத்தூருக்குள் திரும்பும். சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகும் பயணத்தில் இதுதான் வழி. விறலிக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். கதவைச் சாத்திச் சுற்றத்துக்குப் பங்கு போட்ட பெண்ணுக்கு எந்த ஊரில் யார் சோறு போடுவார்கள் என்று தெரியாமலா இருக்கும்?

மலை ஏற்றத்துக்கு மலைபடுகடாம்தான் துணை. செங்கண்மாவின் நன்னனிடம் கூத்தனை அனுப்பும் பெருங்கௌசிகனார், பன்றிக்கு வைத்த பொறிகளை விடிந்த பிறகு கடக்கச் சொல்கிறார். தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் மேலே படலாம் என்கிறார். வழுக்கும் இடத்தில் கொடி சுற்றிய மரத்தைப் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறார். காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கேயும் எச்சரிக்கை உண்டு: ஏறும் வண்டிக்கு வழிவிடு, வளைவில் ஹாரன் அடி, இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரில் வா. முப்பதாவது வளைவு தாண்டியதும் காற்று குளிரும். மனைவிக்கு வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாள். வளைவு குறைந்த முள்ளுக்குறிச்சி வழியும் இருக்கிறது. ஆனாலும் சோளக்காட்டுச் சந்தையைப் பார்க்காமல் போக அவளுக்கு மனம் வராது.

ஆனால் மலைக்கு மேலே ஒப்பீடு தேவையில்லாமல் போகிறது. கூத்தர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் மலைக் குடிகளின் வீடுகளுக்குள் போகலாம், அவர்கள் உறவாகவே நடத்துவார்கள் என்பது மலைபடுகடாம் தரும் உறுதி. புறநானூற்று 152ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் ஓரியும் அப்படித்தான். காட்டில் எதிர்ப்பட்ட அந்த வேட்டைக்காரனை யாரென்று உறுதியாகத் தெரியாமலே விறலியும் மற்றவர்களும் பாடுகிறார்கள். அவர்கள் கேட்கும் முன்பே அவன் மான் இறைச்சியும் தேறலும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் கொடுத்துவிடுகிறான்.

குண்டனி நாட்டில் நாங்கள் தேடிப்போன வீடு பூட்டியிருந்த நாள் ஒன்று உண்டு. அக்கா குடும்பம் வயலில் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா யாரைப் பார்க்க வந்தோம் என்று கேட்டார். பெயர் சொன்னதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். எங்கள் பெயரை அவர் கேட்டது சாப்பிட்ட பிறகுதான். சாமைச்சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. குழம்பில் அந்த மலை மிளகின் காரம் தொண்டைவரை போனது. முற்றத்துப் பாயில் காய்ந்துகொண்டிருந்த மிளகைக் கோழி கிளறாமல் இருக்க ஒரு பெரியவர் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். என் மனைவி எழுந்து போய் அவரிடம் குச்சியை வாங்கிக்கொண்டு, “நீங்க போய் சாப்பிடுங்க பெரியப்பா, நான் பாத்துக்கறேன்” என்றாள். அவரும் மறுக்காமல் எழுந்து போனார்.

அன்றிலிருந்து எங்கள் பயணத்திட்டம் மாறிவிட்டது. ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. காலைச் சாப்பாடு திண்டிவனத்தில் என் பழைய அலுவலக நண்பர் வீட்டில், மதியம் ஆத்தூர்ச் சித்தி வீட்டில், இருட்டுவதற்கு முன் மலை. யார் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று முந்தின நாளே போன் போட்டுச் சொல்லிவிடுகிறாள் மனைவி. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அடுத்த வீட்டுக்கு ஏதாவது ஒரு பை போகிறது: திண்டிவனத்து மல்லாட்டை ஆத்தூருக்கு, ஆத்தூர் மஞ்சள் மலைக்கு. இறங்கும்போது பலாப்பழமும் மலை வாழைத்தாரும் அதே வீடுகள் வழியாகத் திரும்பி வருகின்றன.